நிற்கும் சுழலி, ஓடும் இயந்திரம்: முடக்க வேகம் ஓர் அறிமுகம்

முன்னுரை

இன்று நம் நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை தானியங்கிக் கார்களே. இடது காலுக்கு வேலையில்லை. கியரை 'டி'யில் வைத்து முடுக்கியை மிதித்தால் போதும். வளாகத்தில் நம்மில் பலர் ஓட்டுவதும் அண்ணனோ அப்பாவோ ஓட்டிக் கழித்த பழைய தானியங்கிக் கார்தான். அந்தக் கார் ஒருநாள் சமிக்ஞை விளக்கில் நின்று மீண்டும் கிளம்பத் திணறும். பட்டறைக்குக் கொண்டு சென்றால், "கியர்பாக்ஸ் போச்சு" என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். ஒரு குடும்பத்தின் சில மாதச் சேமிப்பைக் கரைத்துவிடும் ஆற்றல் அவ்விரு சொற்களுக்கும் உண்டு.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று சோதிக்க உதவும் ஓர் எண் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை 'ஸ்டால் ஸ்பீட்' என்பர். இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவியான நான், தொழிற்பயிற்சிக் காலத்தில்தான் இந்த எண்ணின் அருமையை உணர்ந்தேன். பொறியியல் பயிலாத நண்பர்களும் புரிந்துகொள்ளும் வகையில் அதனை இங்கே விளக்க முயல்கிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று கற்றதை இடைநிலைப்பள்ளியில் 'டாயா' என்றும், பல்கலைக்கழகத்தில் 'ஃபோர்ஸ்' என்றும் கற்கிறோம். மூன்றும் ஒன்றே என்பது எளிதில் விளங்கிவிடும். ஆனால், 'ஸ்டால்' என்ற சொல் அப்படியன்று. கைக்கியர் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது, கிளட்சைச் சட்டென்று விட்டதும் இயந்திரம் குலுங்கி அணைந்துபோவதைக் குறிக்கும். தானியங்கிக் காரில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. இங்கே இயந்திரம் அணைவதில்லை. முழு மூச்சுடன் ஓடிக்கொண்டிருக்கும். கியர்பெட்டிப் பக்கம் உள்ள சுழலிதான் அசையாமல் நிற்கிறது.

ஆகவே, இக்கட்டுரையில் இதனை 'முடக்க வேகம்' என்று அழைக்கிறேன். முடங்கியிருப்பது சுழலி, அளக்கப்படுவது இயந்திரத்தின் வேகம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி வரையறைக்கு வருவோம். பிரேக்கால் கார் அசையாதபடி பிடிக்கப்பட்டிருக்கிறது. கியர் ஓட்ட நிலையில் உள்ளது. முடுக்கி முழுவதும் மிதிக்கப்படுகிறது. இந்நிலையில் இயந்திரம் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஏறி, அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடும். அந்த உச்ச வேகமே முடக்க வேகம். சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் நிமிடத்திற்கு 2,000 முதல் 2,800 சுற்றுகள் வரை இருக்கும்.

உள்ளே மூன்று சக்கரங்கள்

கைக்கியர் காரில் இயந்திரத்திற்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் இருக்கும். தானியங்கிக் காரில் அந்த இடத்தில் இருப்பதுதான் 'டார்க் கன்வெர்ட்டர்', அதாவது முறுக்குவிசை மாற்றி. பார்ப்பதற்கு இரும்பாலான பெரிய டோனட் பலகாரம் போல் இருக்கும் இதன் உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும்.

அந்த எண்ணெயில் மூழ்கியபடி மூன்று இறக்கைச் சக்கரங்கள் உள்ளன. முதலாவது இறைப்பி. இது இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டது. இயந்திரம் சுற்றினால் இதுவும் சுற்றி எண்ணெயை வீசும். இரண்டாவது சுழலி. வீசப்பட்ட எண்ணெய் இதன் இறக்கைகளில் மோதி இதனைத் திருப்பும். சுழலி கியர்பெட்டியுடன் இணைந்திருப்பதால், கார் நின்றால் இதுவும் நிற்கும். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவில் அமர்ந்திருக்கும் திசைமாற்றி. ஆங்கிலத்தில் 'ஸ்டேட்டர்' எனப்படும் இது ஒருவழிக் கிளட்சின் மீது பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு திசையில் மட்டுமே சுற்றும். மறு திசையில் பூட்டிக்கொள்ளும்.

இயந்திரத்திற்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் மட்டுமே இருப்பதால், பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினாலும் இயந்திரம் அணைவதில்லை. பிரேக்கை விட்டதும் கார் தானாக மெல்ல ஊர்வதும் இதனால்தான்.

கூடுதல் விசை எங்கிருந்து வருகிறது?

ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத மின்விசிறியை வைத்தால் அதுவும் சுற்றத் தொடங்கும் என்று பலர் இதனை விளக்குவார்கள். அது பாதி உண்மைதான். மின்விசிறி உவமை விசை கடத்தப்படுவதைக் காட்டுகிறது. விசை பெருக்கப்படுவதைக் காட்டவில்லை. நல்ல முறுக்குவிசை மாற்றியோ, சுழலி நிற்கும் நிலையில் தான் பெறும் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது.

இது எப்படிச் சாத்தியம்? தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீரைத் தட்டையான பலகையின் மீது பாய்ச்சினால் பலகை தள்ளப்படும். அதே நீரை வளைந்த கிண்ணம் போன்ற தகட்டின் மீது பாய்ச்சி, வந்த திசையிலேயே திருப்பி அனுப்பினால் தள்ளுதல் ஏறக்குறைய இருமடங்காகும். சுழலியின் இறக்கைகள் அப்படித்தான் வளைக்கப்பட்டுள்ளன. ஆனால், திரும்பி வரும் எண்ணெய் இறைப்பியின் சுழற்சிக்கு எதிர்த் திசையில் வருவதால், அது இறைப்பிக்குத் தடையாகிவிடும். நடுவில் நிற்கும் திசைமாற்றி அந்த எண்ணெயை மீண்டும் இறைப்பி சுற்றும் திசைக்கே திருப்பிவிடுகிறது. அவ்வாறு திருப்பும்போது திசைமாற்றி மீது ஒரு பின்னுந்தல் விழுகிறது. அதனை ஒருவழிக் கிளட்ச் வழியாகக் கியர்பெட்டியின் கூடு தாங்கிக்கொள்கிறது.

கணக்கு இதுதான்: இறைப்பியின் முறுக்குவிசையும் திசைமாற்றி தாங்கும் முறுக்குவிசையும் சேர்ந்ததே சுழலிக்குக் கிடைப்பது. இயந்திரம் 120 நியூட்டன் மீட்டர் தந்து, திசைமாற்றி 120 தாங்கினால் சுழலிக்கு 240 கிடைக்கும். இதனால் ஆற்றல் அழியா விதி மீறப்படவில்லை. சுழலி அசையாமல் நிற்பதால் அது செய்யும் வேலை சுழியமே.

கார் நகர்ந்து சுழலி வேகம் பிடிக்கப் பிடிக்க இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். சுழலியின் வேகம் இறைப்பியின் வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டும்போது பெருக்கம் நின்றுவிடும். அப்போது திசைமாற்றியும் எண்ணெயோடு சேர்ந்து தாராளமாகச் சுற்றத் தொடங்கும்.

இந்தக் கருவியைக் கண்டறிந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர். 1905-ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை கோரியது கார்களுக்காக அன்று, கப்பல்களுக்காக. மிக வேகமாகச் சுற்றும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியுடன் இணைப்பதே அவருடைய சிக்கலாக இருந்தது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 1940-ஆம் ஆண்டு மாடலுக்காக வந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியில் எண்ணெய் இணைப்பு இருந்தது, திசைமாற்றி இல்லை. எனவே, அந்த இணைப்பு விசையைக் கடத்தியதேயன்றிப் பெருக்கவில்லை. 1948-இல் பியூக் நிறுவனம் வெளியிட்ட டைனாஃப்ளோ பெட்டியே முறுக்குவிசை மாற்றியைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டு வந்தது.

இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளி

முடுக்கியை முழுவதும் மிதித்தும் இயந்திரம் ஏன் ஒரு வேகத்தில் நின்றுவிடுகிறது? இதுவே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

சுழலி நிற்கும்போது, இறைப்பியைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை அதன் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் தேவை நான்கு மடங்கு. ஒரு மாற்றிக்கு 1,200 சுற்றில் 30 நியூட்டன் மீட்டர் தேவை என்று கொள்வோம். 2,400 சுற்றில் அதற்கு 120 தேவைப்படும். இயந்திரம் அந்த வேகத்தில் தரக்கூடியதும் 120 என்றால், தேவையும் வரவும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்ட இயந்திரத்திடம் மிச்சம் எதுவுமில்லை. ஆகவே 2,400 என்பதே அந்த இணையின் முடக்க வேகம்.

'இணை' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடக்க வேகம் முறுக்குவிசை மாற்றிக்கு மட்டும் உரிய குணமன்று. இயந்திரத்திற்கு மட்டும் உரியதும் அன்று. இருவரும் சந்திக்கும் புள்ளி அது. இதே மாற்றியை 90 நியூட்டன் மீட்டர் மட்டுமே தரும் களைத்த இயந்திரத்துடன் இணைத்தால் முடக்க வேகம் ஏறத்தாழ 2,080 ஆகக் குறையும். மாற்றி பழுதாகவில்லை, இயந்திரம் இளைத்திருக்கிறது. ஆனாலும் எண் மாறிவிட்டது.

மாற்றியின் அளவும் முக்கியமானது. அது வாங்கும் முறுக்குவிசை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. வடிவம் மாறாமல் விட்டத்தை 10 விழுக்காடு குறைத்தால், அதே முறுக்குவிசைக்கு முடக்க வேகம் ஏறக்குறைய 30 விழுக்காடு உயரும். நேர்க்கோட்டுப் பந்தயக் கார்களில் சிறிய மாற்றிகளைப் பொருத்துவது இதனால்தான். இயந்திரம் தன் வலிமை மிகுந்த வேகத்தை எட்டிய நிலையிலேயே அக்கார்கள் பாயும். தாழ்ந்த வேகத்திலேயே வலிமை காட்டும் டீசல் இயந்திரங்களுக்கோ குறைந்த முடக்க வேகமே பொருந்தும். அன்றாடக் காரில் முடக்க வேகத்தைத் தேவையின்றி உயர்த்தினால் வழுக்கலும் வெப்பமும் எண்ணெய்ச் செலவுமே மிஞ்சும்.

காற்றும் இதில் பங்கேற்கிறது. கெந்திங் மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 16 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இயந்திரத்தின் முறுக்குவிசையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கிள்ளானில் 2,400 காட்டிய கார் அங்கே ஏறத்தாழ 2,200 காட்டும். அதனைப் பழுது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

பட்டறையில் ஒரு கார்

நான் பயிற்சி பெற்ற பட்டறைக்கு ஒருநாள் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தமது பழைய காரைக் கொண்டு வந்தார். இரவு நேரக் காவலர் வேலை. வேறொரு பட்டறையில் கியர்பெட்டியை மாற்ற வேண்டும் என்றும், நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேலாகும் என்றும் சொல்லியிருந்தார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைப்பதா என்ற தயக்கத்துடன் இரண்டாவது கருத்துக் கேட்க வந்திருந்தார்.

மூத்த மெக்கானிக் அண்ணன் முதலில் கியர் எண்ணெயைப் பார்த்தார். அளவு சரி, நிறம் சற்று மங்கல், கருகிய வாடை இல்லை. பிறகு முடக்கச் சோதனை செய்தார். கையேட்டில் குறிப்பிட்டிருந்தது 2,200 முதல் 2,500 வரை. 'டி'யில் 1,900. 'ஆர்'-இலும் 1,900.

"தங்கச்சி, பெட்டி வழுக்குனா நம்பர் ஏறணும். இது எறங்கியிருக்கு. பெட்டி இஞ்சின பிடிச்சு வச்சிருக்கு, இஞ்சினுக்குத்தான் தெம்பு இல்ல" என்றார்.

நான் குறிப்பேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,900-ஐக் கையேட்டு அளவின் நடுப்புள்ளியான 2,350-ஆல் வகுத்து இருபடியாக்கினால் ஏறத்தாழ 0.65. அதாவது, இயந்திரம் தன் முறுக்குவிசையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே தருகிறது. விரிவுரையில் படித்த இருபடி விதி ஒரு காவலரின் சேமிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

ஆயினும், இரு கியரிலும் எண் ஒரே அளவாகக் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திசைமாற்றியின் ஒருவழிக் கிளட்ச் பூட்டாமல் வழுக்கினாலும் எண் இறங்கும். இரண்டில் எது என்று கண்டறிய அண்ணன் காரை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார். திசைமாற்றி பழுதென்றால், கிளம்பும்போது திணறும் கார் வேகம் பிடித்தபின் நன்றாக ஓட வேண்டும். இந்தக் காரோ அங்கேயும் மூச்சு வாங்கியது. அடுத்து, புகைக்குழாயில் வினையூக்கி மாற்றிக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் உணரியைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார். அழுத்தம் அளவுக்கு மீறி இருந்தது. வினையூக்கி மாற்றி உள்ளே உருகி அடைத்துக்கொண்டிருந்தது. தீப்பொறிச் சுருள் ஒன்று பழுதாகி, எரியாத எண்ணெய் புகைக்குழாய்க்குச் சென்று அங்கே எரிந்ததே மூல காரணம்.

சுருளும் வினையூக்கி மாற்றியும் மாற்றப்பட்டன. மறுசோதனையில் 2,300. கியர்பெட்டிக்குச் சொல்லப்பட்ட தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவானது. கியர்பெட்டியை மாற்றியிருந்தால் நாலாயிரமும் போயிருக்கும். கார் அப்போதும் திணறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எண் சொல்லும் செய்தி

பழுதுபார்ப்புக் கையேடுகள் பொதுவாகத் தரும் விளக்கத்தைச் சுருக்கமாக இவ்வாறு சொல்லலாம்.

1. 'டி', 'ஆர்' இரண்டிலும் எண் குறைவு: இயந்திரம் வலுவிழந்துள்ளது, அல்லது திசைமாற்றியின் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. குறைவு மிகப் பெரிதாக இருந்தால் இரண்டாவதன் மீது ஐயம் கூடும்.

2. இரண்டிலும் எண் அதிகம்: கியர் எண்ணெய் குறைவு, அல்லது எண்ணெய் அழுத்தம் போதவில்லை, உள்ளே உள்ள கிளட்சுகள் இறுகப் பிடிக்கவில்லை.

3. 'டி'யில் மட்டும் அதிகம்: முன்னோக்கி ஓட்டும் கிளட்ச் வழுக்குகிறது.

4. 'ஆர்'-இல் மட்டும் அதிகம்: பின்னோக்கி ஓட்டும் கிளட்சோ அதன் பிரேக் பட்டையோ வழுக்குகிறது.

இச்சோதனையால் பிடிக்க முடியாத பழுதும் உண்டு. திசைமாற்றி சுற்ற வேண்டிய நேரத்திலும் சுற்றாமல் இறுகிப்போனால் முடக்க வேகம் சரியாகவே இருக்கும். நெடுஞ்சாலையில்தான் கார் வேகம் எடுக்காது, எண்ணெயும் சூடேறும். ஆகவே, இந்த எண் ஒரு சாட்சிதான், நீதிபதியன்று.

ஐந்து விநாடிக்கு மேல் கூடாது

முடக்க நிலையில் கார் நகர்வதில்லை. அப்படியானால் இயந்திரத்தின் ஆற்றல் எங்கே போகிறது? அனைத்தும் எண்ணெயில் வெப்பமாகிறது. 2,400 சுற்றில் 120 நியூட்டன் மீட்டர் என்பது ஏறத்தாழ 30 கிலோவாட். 2 கிலோவாட் மின்கெண்டிகள் பதினைந்தை ஒரே நேரத்தில் கொதிக்க விடுவதற்குச் சமம். மாற்றியினுள் 2 லிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், அது விநாடிக்குச் சுமார் 9 பாகை செல்சியஸ் சூடேறும். பத்தே விநாடியில் 90 பாகை! கையேடுகள் ஐந்து விநாடிக்கு மேல் மிதிக்காதீர் என்று எச்சரிப்பது வெறும் சடங்கன்று.

எனவே, வீட்டு வாசலில் இதனைச் செய்து பார்க்க வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறையில் எண்ணெயை ஓட்ட வெப்பத்திற்குக் கொண்டு வந்து, நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை வைத்து, கைபிரேக்கை இழுத்து, காருக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகே சோதிப்பார்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் 'என்'-இல் வைத்து எண்ணெயை ஆறவிடுவார்கள். மேலும், எல்லா இரண்டு மிதிக் கார்களுக்கும் இது பொருந்தாது. 2005-ஆம் ஆண்டு மைவியின் நான்கு வேகத் தானியங்கிப் பெட்டியில் முறுக்குவிசை மாற்றி உண்டு. இரட்டைக் கிளட்ச் பெட்டிகளிலும், புரோட்டோன் செவியின் தானியங்கி வகையில் வந்தது போன்ற கிளட்ச் பெட்டிகளிலும் அது இல்லை. புதிய கார்கள் பலவற்றில், பிரேக்கும் முடுக்கியும் ஒருசேர மிதிக்கப்பட்டால் கணினியே இயந்திர வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

பட்டறைக்குப் போகாமலேயே நம்மில் பலர் அறியாமல் இச்சோதனையைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். கார் நிறுத்துமிடச் சரிவிலோ கெந்திங் சாலை நெரிசலிலோ, பிரேக்கை மிதிக்காமல் முடுக்கியை லேசாக மிதித்தே காரைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துவோர் உண்டு. அப்போதும் சுழலி நிற்கிறது, இயந்திரம் உழைக்கிறது, எண்ணெய் காய்கிறது. அளவு சிறிது; ஆனால், நேரம் ஐந்து விநாடியன்று, ஐந்து நிமிடம். சரிவில் பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

முடிவுரை

முடக்க வேகம் என்பது இயந்திரமும் முறுக்குவிசை மாற்றியும் சேர்ந்து கையெழுத்திடும் ஓர் எண். ஒருவரை மட்டும் குற்றவாளியாக்க அந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது. கையேட்டோடும் மற்ற அறிகுறிகளோடும் ஒப்பிட்ட பிறகே அது பொருள் தரும். அடுத்த முறை உங்கள் வீட்டுக் காருக்குக் "கியர்பாக்ஸ் போச்சு" என்று யாரேனும் சொன்னால், "முடக்கச் சோதனை செய்தீர்களா? டி-இல் எவ்வளவு, ஆர்-இல் எவ்வளவு, கையேட்டில் எவ்வளவு?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இக்கேள்வியால் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

அந்தக் காவலருக்கு நடந்ததை விளக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டார். இறைப்பி, சுழலி, திசைமாற்றி என்று தமிழில் சொன்னபோது, "இவ்வளவுதானா பாப்பா விஷயம்?" என்று கேட்டார். நம் துறையறிவு நம் வீட்டாருக்குப் பயன்பட வேண்டுமானால் அது அவர்களின் மொழியில் போய்ச் சேர வேண்டும். மருத்துவம், சட்டம், கணக்கியல் பயிலும் நண்பர்களும் தத்தம் துறையிலிருந்து இதுபோல் பயனுள்ள ஒரு கருத்தையாவது அடுத்த மலரில் தமிழில் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.